இந்நிகழ்வு தெரிவிக்கப்படும்

அரசாங்கத்தில் எந்த நல்ல காரியமும் சுற்றறிக்கையாகத்தான் பிறக்கும். மத்திகிரியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இயங்கிவந்த எல்லையோரத் தொழிற்பகுதி வசிப்போர் சான்று அலுவலகத்துக்கும் அப்படி ஒன்று வந்தது. இனி எல்லாக் கணினிகளிலும் திறந்த மூல இயக்குதளமே பயன்படுத்தப்பட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கண்காணிப்பாளர் சௌந்தரராஜன் அதை இரண்டு முறை படித்தார். ‘மூலம்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு, மருத்துவச் செலவுக் கோப்பில் சேர்க்கவும் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நினைவூட்டுக் கடிதம் வந்தபோதுதான் அது உடம்பு சம்பந்தப்பட்டதல்ல, கணினி சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது.

சௌந்தரராஜன் நல்ல மனிதர். காவேரிப்பட்டினத்துக்காரர். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர். யாரையும் அதட்டமாட்டார். வெளியூரிலிருந்து வந்து ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்து, வாடகை அறைகளில் குடியிருப்பவர்களுக்கு ‘இவர் இங்கேதான் இருக்கிறார்’ என்று சான்று கொடுப்பது அவருடைய வேலை. அந்தச் சான்று இல்லாமல் கம்பெனி வாசலில் காவலாளி உள்ளே விடமாட்டார். சர்வீசில் சேர்ந்த நாள் முதல் சௌந்தரராஜன் ஒரு கொள்கையைக் கடைப்பிடித்தார். எழுவாய் உள்ள வாக்கியம் ஒன்றைக்கூட அவர் எழுதியதில்லை. ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஆவன செய்யப்படும்’, ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்படும்’ என்றுதான் எழுதுவார். யார் பரிசீலிப்பார், யார் செய்வார் என்று அந்த வாக்கியங்களிடம் கேட்க முடியாது. அதுதான் அவற்றின் அழகு. உதவியாளராகச் சேர்ந்த சுமலதாவுக்கு அவர் முதல் நாள் கற்றுக்கொடுத்ததும் இதைத்தான்.

புதிய இயக்குதளத்தைக் கணினியில் ஏற்றுவதற்கு ஓசூரிலிருந்து முனிராஜ் என்ற ஒப்பந்தக்காரர் வந்தார். காதில் செல்போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ கன்னடத்தில் பேசியபடியே வேலை செய்தார். சௌந்தரராஜன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதிதாக வருவது எதுவானாலும் அதன் சொந்தக்காரர் யார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வழக்கம்.

“இது யாரோடதுப்பா?”

“யாரோடதும் இல்லீங்க சார். எல்லாரோடதும்.”

“பொறம்போக்கா?”

முனிராஜ் செல்போனை இறக்கி வைத்தார். “அப்படியும் வெச்சுக்கலாங்க. ஆனா யாரும் வளைச்சுப் போட்டுப் பட்டா வாங்க முடியாது. உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு யாரு வேணும்னாலும் பாக்கலாம், மாத்தலாம், காப்பி எடுத்து அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். மாத்தினத ஊருக்குக் குடுக்கறப்ப, அதையும் இதே மாதிரி தொறந்தே குடுக்கணும். அவ்வளவுதான்.”

“தப்பு இருந்தா?”

“யாராச்சும் பாத்துச் சரி பண்ணிடுவாங்க சார். உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேரு இருக்கறாங்க.”

“யாராச்சும்னா? பதவி என்ன?”

“பதவியெல்லாம் இல்லீங்க. அவங்களாவே பண்றதுதான். பாதிப் பேருக்குச் சம்பளமும் இல்லை.”

பதவியும் சம்பளமும் இல்லாமல், மேலிடத்து உத்தரவும் இல்லாமல், ஊரார் தப்பைத் தாங்களாகவே திருத்துகிறார்கள் என்பதைச் சௌந்தரராஜனால் நம்ப முடியவில்லை. ஏதோ ஒரு உண்மையை இந்த ஆள் மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

“உங்களுக்கு ‘சௌந்தர்’னு ஒரு யூசர் போட்டிருக்கறேன் சார்.”

“கண்காணிப்பாளர்னு போடு.”

“நீங்கதான் தினமும் அடிக்கணும். சின்னப் பேரா இருந்தா நல்லதுங்க.”

“சரி. இதுல எனக்கு மேல யாரு?”

“ரூட்டு இருக்காருங்க.”

“எந்த ரூட்டு? பஸ் ஸ்டாண்டு ரூட்டா?”

“இல்லீங்க சார். ரூட்னா வேர். மூலம். எல்லா அதிகாரமும் அவருக்குத்தான். புதுசா எதையாச்சும் ஏத்தறது, எடுக்கறது, முக்கியமானத மாத்தறது எல்லாத்துக்கும் அவரு சரின்னு சொல்லணும்.”

பக்கத்து மேசையிலிருந்து சுமலதா சொன்னாள்: “மூலவர் மாதிரிங்க சார். நாமெல்லாம் உற்சவரு. அலங்காரம் பண்ணிக்கிட்டு வீதி சுத்தலாம். சக்தியெல்லாம் உள்ள இருக்கறவருக்கு.”

சௌந்தரராஜனுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் யார் படிக்கலாம், யார் எழுதலாம், யார் இயக்கலாம் என்று தனித்தனி அனுமதி உண்டு என்று முனிராஜ் மேற்கொண்டு விளக்கியபோது அவர் முகம் மலர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மேலதிகாரி, கீழே பிரிவுகள், பிரிவுக்கு இத்தனை பேர், ஆளுக்கு இவ்வளவுதான் உரிமை.

“இதைச் செஞ்சவன் கண்டிப்பா கவர்மென்டுல இருந்தவன்,” என்றார்.

முனிராஜ் மூலவருக்கான கடவுச்சொல்லைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, “ஆயித்து சார்” என்று கன்னடத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனார்.

கொஞ்ச காலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சான்றுகள் அச்சாகி வந்தன. கணினி தானாகவே தேதியைப் போட்டது. அங்கேதான் வந்தது வினை.

காலாண்டு அறிக்கையைப் பத்தாம் தேதிக்குள் தயாரித்திருக்க வேண்டும். பத்தாம் தேதி சௌந்தரராஜன் காவேரிப்பட்டினத்தில் அக்கா பேத்தியின் கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் தேதி வந்து உட்கார்ந்தபோதுதான் நினைவு வந்தது. பழைய இயக்குதளமாக இருந்தால் மூலையில் உள்ள கடிகாரத்தை இரண்டு நாள் பின்னால் இழுத்துவிட்டு வேலையை முடிப்பார். அதை அவர் குற்றமாக நினைத்ததே இல்லை. பஞ்சாங்கத்தில் இல்லாத சலுகை, அவ்வளவுதான்.

புதிய இயக்குதளம் இழுக்க விடவில்லை. செல்போனில் தேடி, அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். சுமலதாவைக் கீழே டீ சொல்லிவர அனுப்பிவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து எழுத்துக்கூட்டி அடித்தார். கணினி கடவுச்சொல் கேட்டது. அடித்தார். திரையில் ஒன்றும் தெரியவில்லை, ஒரு புள்ளிகூட. விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டிவிட்டு மறுபடியும் அடித்தார். கடவுச்சொல் அடிக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும் என்று முனிராஜ் சொல்லியிருந்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம் அலுவலகத்துக்கு வரும் மனுக்களும் அப்படித்தானே என்று தேற்றிக்கொண்டு மூன்றாம் முறை நிதானமாக அடித்தார்.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: ‘சௌந்தர் அனுமதி பெற்றோர் பட்டியலில் இல்லை. இந்நிகழ்வு தெரிவிக்கப்படும்.’

சௌந்தரராஜன் அதை மறுபடியும் படித்தார். தெரிவிக்கப்படும். யாருக்கு? யாரால்? எப்போது? வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆயிரம் பேருக்கு அவர் எழுதி அனுப்பிய வாக்கியம் முதல் தடவையாக அவருக்கே வந்திருந்தது. அதைப் படிப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

டீயோடு வந்த சுமலதாவிடம் மறைக்க முடியவில்லை. திரையைக் காட்டினார்.

“நம்ம மாதிரியே எழுதியிருக்குதுங்க சார்,” என்றாள் அவள். “ஒண்ணும் ஆவாது, விடுங்க.”

“நாம எழுதறது வேற சுமலதா. நாம மனுசங்க. இது மெஷினு. சொன்னா செஞ்சிரும்.”

மேலிடம் கேட்பதற்கு முன்னால் நாமே விளக்கம் கொடுத்துவிடுவதுதான் நல்லது என்று முடிவாயிற்று. ‘மேற்படி நாளில் மேற்படி கணினியின் மீது விரல் தவறுதலாகப் பட்டுவிட்டதால்’ என்று அவர் சொல்லச் சொல்ல, சுமலதா பேனாவை நிறுத்தினாள்.

“விரல் தவறுதலா பட்டா ஒரு முழு வரி வருமாங்க சார்?”

அந்தக் கேள்வி அவருக்கும் நியாயமாகவே பட்டது. விளக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினார்.

மாவட்ட அலுவலர் சம்பங்கி, தெரியாது என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரிக்காதவர். சௌந்தரராஜன் தயங்கித் தயங்கி, “மத்திகிரிலேர்ந்து கம்ப்யூட்டர் ஏதாவது தெரிவிச்சுதுங்களா சார்?” என்று கேட்டார்.

சம்பங்கி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வந்துச்சு, வந்துச்சு. பார்வைல இருக்குது.”

“அதுல என்ன சார் சொல்லியிருக்குது?”

“உள்ளத உள்ளபடி சொல்லியிருக்குது. நீங்க உங்க தரப்பச் சொல்லுங்க.”

சௌந்தரராஜன் தன் தரப்பைச் சொன்னார். தேதி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, ஏதோ ஒரு கட்டளையைப் பழகிப் பார்த்ததாகச் சொன்னார். என்ன கட்டளை என்று சம்பங்கி அக்கறையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்று சாயங்காலமே போன் வந்தது.

“சௌந்தரராஜன், அந்தக் கட்டளைய அடிச்சதும் உங்களுக்கு என்ன வந்துச்சுன்னு சொன்னீங்க?”

“நீங்களும் அடிச்சுப் பாத்தீங்களா சார்?”

“ஆய்வு நோக்கத்துல.”

“என்னங்க சார் சொல்லுச்சு?”

“என் பேரும் பட்டியல்ல இல்லையாம்.”

இப்போது சம்பங்கிக்கும் தூக்கம் போயிற்று. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, ‘மத்திகிரியில் ஒரு நிகழ்வு தெரிவிக்கப்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது’ என்று சென்னை இயக்குநரகத்துக்கு எழுதிவிட்டார். தனக்கு வராத அறிக்கை கீழே யாருக்கோ வந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள சென்னைக்கு மனமில்லை. ‘மேற்படி நிகழ்வு இவ்வலுவலகத்தின் தீவிர கவனத்தில் உள்ளது. இருபதாம் தேதிக்குள் விசாரணை முடிக்கப்படும். அதுவரை சம்பந்தப்பட்ட கணினி இருந்தது இருந்தபடியே பாதுகாக்கப்பட வேண்டும்’ என்று மறுநாளே பதில் வந்தது.

கணினியை வெள்ளைத் துணியால் சுற்றி, நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்தார்கள். பார்ப்பதற்கு, முக்காடு போட்டு மூலையில் உட்கார வைத்ததுபோல் இருந்தது. சான்று வழங்கும் வேலை நின்றது.

அப்போதுதான் கௌஸ் மொய்தீன் வரத் தொடங்கினார். பேரிகைச் சந்தையில் தக்காளி வியாபாரம் செய்பவர், மத்திகிரியில் வாடகை வீடு. அவர் மகள் நாஸியாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. குடும்பத்தில் கம்பெனி வேலைக்குப் போகப்போகும் முதல் பெண். பதினைந்தாம் தேதிக்குள் வாங்கிய வசிப்பிடச் சான்று இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

“கம்ப்யூட்டர் விசாரணைல இருக்குது பாய்,” என்றார் சௌந்தரராஜன்.

“அது என்ன சார் தப்பு பண்ணுச்சு?”

சௌந்தரராஜன் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

“கையால எழுதிக் குடுங்களேன்.”

“கையெழுத்துச் சான்று செல்லாதுன்னு நான்தான் பாய் போன வருசம் போர்டு வெச்சேன்.”

கௌஸ் மொய்தீன் திரும்பிப் பார்த்தார். போர்டு அங்கேதான் இருந்தது. கோபப்படாமல் படியிறங்கிப் போனார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள் நாஸியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, முத்திரை வைத்த துணி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பதினைந்தாம் தேதி போயிருந்தது. கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு, சான்றில் தேதி மட்டும் பதினைந்தைத் தாண்டாமல் இருந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொல்ல வைத்திருந்தார் அவள் தகப்பனார். சௌந்தரராஜன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்பக்கப் படி வழியாக இறங்கத் தொடங்கினார்.

முனிராஜைப் போனில் பிடித்துக் கேட்டார். “அந்தக் கம்ப்யூட்டரு யாருக்குப்பா தெரிவிக்கும்?”

“மூலவருக்குத்தாங்க சார். அதே மெஷினுக்குள்ள அவருக்குன்னு ஒரு தபால் பெட்டி இருக்குது. அதுல விழும்.”

“மூலவர் யாரு?”

“கடவுச்சொல்லு எங்கிட்டதான இருக்குது. அப்ப நான்தான்.”

“நீ படிச்சியா?”

“நானா? அந்தப் பெட்டிய ஒரு நாளும் தொறந்ததில்லைங்க சார். ஊர்ல யாரும் தொறக்கறதில்லை.”

சௌந்தரராஜனுக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. மெஷின் சொன்னால் செய்துவிடும் என்று நம்பியிருந்தார். செய்யத்தான் செய்திருக்கிறது, ஆனால் யாரும் திறக்காத பெட்டியில். இதை மேலே சொல்லி விஷயத்தை முடிக்கலாம் என்றால், அறிக்கையைப் பார்க்காமல் விசாரணையை முடிக்க முடியாது. அறிக்கை கணினிக்குள் இருக்கிறது. விசாரணை முடியாமல் கணினியைத் திறக்க முடியாது.

சென்னையிலிருந்து துணை இயக்குநர் ஹரிணி விசாரணைக்கு வந்தபோது தேதி இருபத்துநான்கு. ஓசூர் மேம்பாலத்து நெரிசலில் மாட்டிக் களைத்துப் போய் வந்தார். சம்பங்கியும் கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்தார். முனிராஜ் மூலவர் என்ற முறையில் வரவழைக்கப்பட்டிருந்தார். வெளிப் பெஞ்சில் கௌஸ் மொய்தீனும் நாஸியாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“என்ன நடந்ததுன்னு சொல்லுங்க,” என்றார் ஹரிணி.

சௌந்தரராஜன் எழுந்து நின்றார். ‘தவறுதலாக நேர்ந்துவிட்ட நிகழ்வு’ என்று ஆரம்பிக்கத்தான் வாயைத் திறந்தார். கதவு வழியாக நாஸியாவின் செருப்புக் கால்கள் தெரிந்தன. போவதற்குத் தயாராக இருப்பதுபோல் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

“நான்தாங்க மேடம் பண்ணினேன்,” என்றார். “காலாண்டு அறிக்கை லேட்டாயிருச்சு. தேதியப் பின்னால, பத்துக்கு இழுக்கப் பாத்தேன். மெஷினு விடலை. தப்பு என்னுது. எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. மெஷின மட்டும் தொறந்து விட்டுருங்க.”

சுமலதா நிமிர்ந்து பார்த்தாள். அவள் அறிந்தவரையில் மேலதிகாரி முன்னால் அவர் வாயிலிருந்து வந்த முதல் எழுவாய் அது. சம்பங்கி சுவரில் இருந்த காலண்டரை ஆராய ஆரம்பித்தார்.

ஹரிணி கையிலிருந்த உத்தரவை மறுபடி படித்தார். இருபதாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்ற வரியில் அவர் கண் நின்றது. அந்த உத்தரவு அவர் மேசையில் நான்கு நாள் கிடந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

“அது எப்படி, பின்னால இழுக்கறது?” என்று மெதுவாகக் கேட்டார்.

முனிராஜ் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். “மூலவர் நெனச்சா முடியும் மேடம். நெட்டு வயரப் புடுங்கிட்டுத்தான் பண்ணணும். இல்லைனா அது யாருகிட்டயாவது கேட்டுச் சரியான தேதியப் போட்டுக்கும்.”

“பண்ணுங்க. விசாரணையின் ஒரு பகுதியா.”

முத்திரை உடைக்கப்பட்டது. முனிராஜ் ஒரு வரி அடித்தார். கணினி ஒன்றும் சொல்லவில்லை.

“நடக்கலையா?” என்றார் சம்பங்கி.

“நடந்துருச்சு சார். இதுல ஒண்ணும் சொல்லலைனா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.”

அதிகாரிகள் மூவரும் வியந்து போனார்கள். அவர்கள் பழகிய இடத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் அர்த்தம் வேறு. மூலையில் பத்தாம் தேதி என்று காட்டியது. அடுத்து முனிராஜ் மூலவரின் தபால் பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு அறிக்கை இருந்தது. ஹரிணி குனிந்து படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் களைப்பு போயிருந்தது.

“இது பன்னிரண்டாம் தேதி போட்ட அறிக்கை. இன்னைக்குப் பத்து. நாளை மறுநாள் தேதி போட்ட ஆவணத்தை நான் எப்படி ஏத்துக்க முடியும்?”

“முடியாதுங்க மேடம்,” என்றார் சம்பங்கி.

“அப்ப நிகழ்வு இன்னும் நடக்கவே இல்லை. நடக்காததை விசாரிக்க விதியில இடமில்லை.”

“ஆனா தேதிய மாத்தினது…” என்று சௌந்தரராஜன் இழுத்தார்.

“இது திறந்த மூல மென்பொருள் சார். யாரு வேணும்னாலும் மாத்தலாம்ங்கறதுதான் அரசோட கொள்கை. மாத்தக்கூடாதுன்னு சொல்றதுதான் கொள்கைக்கு விரோதம்.”

விசாரணை முடிந்தது. இனிமேல் இத்தகைய நிகழ்வுகள் தெரிவிக்கப்படுவதைத் தவிர்க்கும் பொருட்டு எல்லா அலுவலர்களையும் அனுமதி பெற்றோர் பட்டியலில் சேர்க்கவும் உத்தரவாயிற்று. ஹரிணி கைப்பையை எடுத்துக்கொண்டு வேகமாகக் கிளம்பினார். விசாரணைக்கு உத்தரவே பிறக்காத பத்தாம் தேதி அவர் மத்திகிரிக்கு வந்திருக்க முடியாதல்லவா.

கௌஸ் மொய்தீன் கதவருகில் நின்றிருந்தார். இந்த ஆபீசின் யோக்கியதையைப் பற்றிப் பஸ்ஸிலும் சந்தையிலும் பத்து நாளாக அவர் பேசாத பேச்சில்லை. இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “சார், அப்படின்னா இன்னைக்குப் பத்துதானே? பாப்பா சான்று…”

அச்சாகி வந்த சான்றில் பத்தாம் தேதி பளிச்சென்று இருந்தது. நாஸியா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். படியில் இறங்கும்போது அவள் செருப்புச் சத்தம் ஓட்டமாகக் கேட்டது. சௌந்தரராஜன் வெகுநாளைக்குப் பிறகு முன்பக்கப் படி வழியாகச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலையில்தான் சிக்கல் புரிந்தது. கடிகாரத்தை விட்டுவிட்டால் அது தன்பாட்டுக்குப் பதினொன்றாகி, பன்னிரண்டாகும். பன்னிரண்டு வந்தால் நிகழ்வும் வந்துவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து சம்பங்கி, தன் ‘ஆய்வு’ நடந்த நாளும் வந்துவிடுமே என்று போனில் அவசரப்படுத்தினார். ஆகவே தினமும் காலையில் சுமலதா முதல் வேலையாகத் தேதியைப் பத்துக்குக் கொண்டுவந்தாள். இந்த வசதி மற்ற அலுவலகங்களுக்கும் எட்டியது. அங்கேயும் முடியாத காலாண்டு அறிக்கைகள் இருந்தன. கடைசியில், சீர்மை கருதி, பத்தாம் தேதி மறு உத்தரவு வரும் வரை நீட்டிக்கப்படுவதாகச் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. கடைசித் தேதியை நீட்டித்துப் பழகியவர்களுக்குத் தேதியையே நீட்டிப்பது சிரமமாக இல்லை.

ஜனங்களும் குறை சொல்லவில்லை. காலம் தாழ்த்தி வந்தவர்களுக்கெல்லாம் பத்தாம் தேதிச் சான்று கிடைக்கிறது என்று தெரிந்ததும் தளியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துறையைத் திட்டி எழுதப்பட்ட மனுக்கள் நின்றே போயின. கூட்டம் தாங்காமல், விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு, ‘அடுத்த நாள் வந்து பெற்றுக்கொள்ளவும்’ என்று சீட்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். சீட்டில் கணினி தானாகவே பதினொன்றாம் தேதி என்று அச்சிட்டது.

வெளியே மாதம் முடிந்து அடுத்த மாதமும் பிறந்தது. சௌந்தரராஜனின் வங்கிக் கணக்கில் ஒன்றும் வரவில்லை.

“சம்பளப் பட்டியலு மாசக் கடைசிலதாங்க சார் எடுக்கும்,” என்றாள் சுமலதா. அவளுக்கும் வரவில்லை. கிருஷ்ணகிரியில் சம்பங்கிக்கும் வரவில்லை. சென்னையில் ஹரிணிக்கும் வரவில்லை என்று கேள்வி.

படிக்கட்டு நெடுக ஜனங்கள் கையில் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கௌஸ் மொய்தீனும் இருந்தார். இந்த முறை மகனுக்கு. எல்லாரையும் தாண்டிக்கொண்டு சௌந்தரராஜன் மேலே ஏறும்போது அவர் எழுந்து சீட்டைக் காட்டினார்.

“சார், பதினொண்ணு எப்ப சார் வரும்?”

சௌந்தரராஜன் ஜன்னல் வழியாகக் கணினியை எட்டிப் பார்த்தார். தன் கையிலிருந்த வங்கிப் புத்தகத்தையும் பார்த்தார். அவர் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல.

“நாளைக்குத்தான் பாய்,” என்று சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் படியில் இடம் பார்த்து உட்கார்ந்தார்.